கொப்பரைத் தீயும் டைனமைட்டும்: சட்டமறுப்பின் எல்லை எது?

1908 ஆகஸ்ட் 16 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் நகரில், ஹமீதியா மசூதித் திடலில், ஒரு பெரிய இரும்புக் கொப்பரைக்குள் 2,000க்கும் அதிகமான பதிவுச் சான்றிதழ்களைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். அந்நகரை உள்ளடக்கிய டிரான்ஸ்வால் என்ற அன்றைய பிரிட்டிஷ் காலனியில் வாழும் ஒவ்வோர் ஆசியரும் கைரேகை பதித்து வாங்கி வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் அவை. 55 ஆண்டுகள் கழித்து, 1963 ஏப்ரலில் ஓர் இரவு, அதே நகரின் புறத்தே இருப்புப்பாதை ஓரமாக இருந்த ரயில்வே உடைமை ஒன்றை டைனமைட் வைத்துத் தகர்க்கச் சென்ற மூன்று இளைஞர்களை, முன்னரே துப்பறிந்து வைத்திருந்த போலீஸார் வளைத்துப் பிடித்தார்கள். மூவரில் ஒருவர் குண்டடி பட்டார். அவர் பெயர் இந்திரஸ் நாயுடு. 1908 போராட்டத்தில் காந்தியின் வலக்கரமாக இருந்து பலமுறை சிறை சென்ற தம்பி நாயுடுவின் மகன் வயிற்றுப் பேரன் அவர்.

வன்முறைப் போராட்டத்தையும் சட்டமறுப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம்தான் நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையோடு நம் நினைவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவரோடு சிறை சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகள் அதே மண்ணில் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. தாத்தா அறப்போராளி, பேரன் நாசவேலைக்காரன் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. இருவரும் செய்தது ஒரே சட்டமறுப்புதான், காலம்தான் வேறு என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

பலரும் மேற்கோள் காட்டும் வரையறையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் வகுத்தது அது: சட்டத்தையோ அரசின் கொள்கையையோ மாற்றும் நோக்கத்துடன், மனச்சாட்சியின்படி, வெளிப்படையாக, வன்முறையின்றிச் சட்டத்தை மீறுவதே சட்டமறுப்பு. மீறியவர் தண்டனையை ஏற்றுக்கொள்வதன் மூலம், குறிப்பிட்ட சட்டத்தை எதிர்த்தாலும் சட்டத்தின் ஆட்சி என்ற ஏற்பாட்டுக்குத் தாம் உண்மையாகவே இருப்பதைக் காட்டுகிறார். இந்த வரையறையை எடுத்தாளும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ நீதியான ஒரு சமூகத்தை, அதாவது குறைகள் இருந்தாலும் பெரும்பான்மையோரின் நியாய உணர்வை நம்பி முறையிடக்கூடிய ஒரு ஜனநாயகத்தை மனத்தில் வைத்தே ரால்ஸ் எழுதினார். டிரான்ஸ்வாலில் இந்தியருக்கு வாக்குரிமை இல்லை. பதிவுச் சான்றிதழைக் கட்டாயமாக்கிய சட்டத்தை இயற்றிய சபையில் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. ஆகவே, வரையறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே நட்டு அளவெடுப்பது முறையாகாது.

முதலில் கொப்பரையைப் பார்ப்போம். அங்கே நடந்தது பொருட்சேதமே. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய அரசு ஆவணங்கள் அழிக்கப்பட்டன. உடைமையை அழிப்பதெல்லாம் வன்முறை, வன்முறை இருந்தால் சட்டமறுப்பு இல்லை என்று நேர்கோட்டில் வாதிட்டால், சத்தியாக்கிரகத்தின் தொடக்கக் காட்சியையே சட்டமறுப்புப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியிருக்கும். அவ்வாறு அடிக்க எவரும் முன்வருவதில்லை. காரணம் எளிது. எரித்தவர்கள் தங்கள் பாதுகாப்பையே எரித்தார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் மறுநாள் தெருவில் பிடிபட்டால் சிறை அல்லது நாடுகடத்தல். இழப்பு முழுவதும் தீ வைத்தவரின் தலையில். பக்கத்தில் நின்ற வழிப்போக்கருக்குச் சூடுகூட இல்லை. அதோடு, அரசு பின்வாங்கினால் எரிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்து, அரசின் பதில் தந்தி வந்து சேரும்வரை காத்திருந்து, பட்டப்பகலில் செய்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில், அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தாமாகவே பதிவு செய்யச் சென்ற காந்தியை, இனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற சினத்தில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் தெருவிலேயே அடித்து வீழ்த்தினார். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. மீர் ஆலமின் செயலும் ஒரு வகையில் அரசியல் எதிர்ப்புதான். மனச்சாட்சி இருந்தது, வெளிப்படையாகத்தான் நடந்தது, விளைவுக்கும் அவர் அஞ்சவில்லை. ஆனாலும் அதைச் சட்டமறுப்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை, ஏனென்றால் வலியை ஏற்றது வேறொருவரின் உடல். அதே மீர் ஆலம் ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்து, தாம் செய்தது தவறு என்று சொல்லித் தம் சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். ஒரே மனிதர் ஆறு மாத இடைவெளியில் அந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றிருக்கிறார்.

எனவே நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: மீறலினால் வரும் ஆபத்தை யார் சுமக்கிறார்கள்? மீறியவர் தம் முகத்தையும் பெயரையும் கொடுத்து நிற்கிறாரா? பொருள் சேதமாயிற்றா இல்லையா என்பது இவ்விரண்டுக்கும் பின்னால் வருகிற கேள்வி.

இந்த அளவுகோலுக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. சட்டத் தத்துவ அறிஞர் ஜோசஃப் ராஸ் 1979-இல் அதை எழுப்பினார். வன்முறை என்ற சொல்லைக் கண்டு மிரளுகிறோமே தவிர, விளைவைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தால் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சட்டத்தை மீறவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கண்ணாடி உடைவதை விடப் பன்மடங்கு கேடு அதில் விளையக்கூடும். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன். நோயாளியின் உயிரைப் பணயம் வைக்கும் வேலைநிறுத்தமும் தன் சுமையைப் பிறர்மேல் ஏற்றுவதுதான். அதனால் அதன் நியாயத்தை அதற்குரிய தராசில் கடுமையாகவே நிறுத்துப் பார்க்க வேண்டும். வன்முறைக்குச் சலுகை தர அது காரணமாகாது.

தம்பி நாயுடுவைப் பற்றிக் காந்தி எழுதியிருப்பது சுவையானது. மொரீஷியஸில் பிறந்த தமிழர், பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாதவர், ஆனாலும் பல மொழிகளைக் கேட்டறிந்தே கற்றவர் என்று புகழ்ந்துவிட்டு, பதற்றமும் கோபமும் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையே அவருக்கு வந்திருக்கும் என்கிறார். அறப்போரின் முன்னணியில் நின்றவர் சாந்த சொரூபி அல்லர் என்பது எனக்கு ஏனோ நிறைவாக இருக்கிறது. 1913 அக்டோபரில் தமிழ்ப் பெண்களோடு நியூகாசிலுக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் அவரும் ஒருவர். சுரங்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வேலைநிறுத்தம் பரவியபோது அங்கே எல்லாமே அமைதியாக நடக்கவில்லை. தடியும் கரும்பு வெட்டும் கத்தியும் ஏந்திய தொழிலாளர்களும் போலீஸாரும் மோதினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற இடங்களில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். காந்தி அப்போது சிறையில் இருந்தார். போராட்டம் வென்றதற்குக் காரணம் காந்தி தலைமையில் தொழிலாளர்கள் சென்ற நடைப்பயணத்தின் ஒழுங்கு மட்டும்தானா, கரும்புக் காட்டுக் கலவரம் ஊட்டிய அச்சமும் சேர்ந்தா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லத்தான் நேர்மை இடங்கொடுக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு உதவியதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா.

அடுத்த தலைமுறை ராய் நாயுடு. தம்பி நாயுடு காந்தியிடம் ஒப்படைத்த நான்கு மகன்களில் ஒருவர். இந்தியாவுக்கு வந்து படித்துத் திரும்பியவர். ஆசியரின் நிலவுரிமையை ஒடுக்கிய சட்டத்தை எதிர்த்து 1946 ஜூன் 13 அன்று டர்பனில் தொடங்கிய போராட்டத்தில் அவர் பங்கேற்றுச் சிறை சென்றார். கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் இருந்த காலி மனையில் தொண்டர்கள் கூடாரம் அடித்து அமர்ந்தார்கள். இரவுகளில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தன, உள்ளே இருந்தவர்களை அடித்தன. அடிபட்டவர்கள் திருப்பி அடிக்கவில்லை. மறுநாள் புதிய கூடாரம் எழுந்தது. ஏறத்தாழ 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். சட்டமறுப்பு என்றால் என்ன என்று யாரேனும் கேட்டால் நான் சுட்டிக்காட்டுவது அந்தத் தெருமுனையைத்தான்.

சட்டம் நீங்கவில்லை. 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலை முழுக் கொள்கையாக்கியது. 1952 ஜூன் 26-இல் தொடங்கிய எதிர்ப்பு இயக்கத்தில் 8,000க்கும் மேற்பட்டோர் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகளையும் ஊரடங்கு விதிகளையும் மீறிச் சிறை புகுந்தார்கள். அதற்கு அரசு கொடுத்த பதிலைத்தான் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. 1953-இல் குற்றவியல் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. எந்தச் சட்டத்தையும், அது எவ்வளவு சிறிய விதியாக இருந்தாலும், எதிர்ப்பைக் காட்டும் வகையில் மீறினால் 300 பவுண்டு வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அவற்றோடு கசையடி. தவறான வாசல் வழியாக ரயில் நிலையத்துக்குள் நுழைந்தவர், மறந்து நுழைந்திருந்தால் சில ஷில்லிங் அபராதம். எதிர்ப்பாக நுழைந்திருந்தால் முதுகில் பிரம்பு. அதாவது, சட்டமறுப்பின் உயிரான மனச்சாட்சியையே அரசு தனிக் குற்றமாக்கியது. பிறகு 1960 மார்ச் 21-இல், ஆப்பிரிக்கர்கள் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகங்களை எதிர்த்து ஷார்ப்வில்லில் கூடியவர்களில் 69 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுதூலி பிரிட்டோரியாவில் தம் பாஸ் புத்தகத்தை வெளிப்படையாக எரித்தார். ஏப்ரலில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது.

1961-இன் நடுவில், இனி ஆயுதம் ஏந்தலாமா என்று காங்கிரஸ் அமைப்புகள் இரவிரவாக விவாதித்தன. தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ் தலைவர்களில் சிலர் கடுமையாக மறுத்தார்கள்; நேட்டாலின் மருத்துவர் மான்ட்டி நாயக்கர் அவர்களில் ஒருவர். அவ்வமைப்பின் இன்னொரு தலைவர் ஜே. என். சிங் சொன்ன ஒரு வாக்கியத்தை மண்டேலா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: அகிம்சை நம்மைக் கைவிடவில்லை, நாம்தான் அகிம்சையைக் கைவிட்டோம். மண்டேலாவை அது அசைக்கவில்லை. 1961 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் லுதூலி நோபல் அமைதிப் பரிசைப் பெற்றார். டிசம்பர் 16 அன்று, 'தேசத்தின் ஈட்டி' என்று பொருள்படும் உம்கொண்டோ வெ சிஸ்வே என்ற புதிய ஆயுத அமைப்பின் முதல் குண்டுகள் அரசுக் கட்டடங்களிலும் மின்நிலையங்களிலும் வெடித்தன. இடையில் ஆறே நாட்கள்.

அந்தக் குண்டுகளை வைத்தவர்களுக்கு ஆள்சேதம் கூடாது என்ற கண்டிப்பான கட்டளை இருந்தது. மின்கோபுரம், இருப்புப்பாதை, தொலைபேசிக் கம்பி, அரசு அலுவலகம் ஆகியவையே இலக்குகள். மனிதரைத் தொடாமல் பொருளை மட்டும் தகர்க்கும் நாசவேலையைச் சட்டமறுப்பின் நீட்சியாகக் கொள்ளலாம் என்று வாதிடுவோருக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. இன்றைய தத்துவ விவாதங்களில் இந்த வாதம் செல்வாக்குடன் இருக்கிறது. சட்டமறுப்பு என்ற பட்டத்தை வசதியாக வாழ்பவர்கள்தாம் வழங்குகிறார்கள், நாகரிகமாக அடி வாங்குபவருக்கு மட்டும் அதைக் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அதனோடு வருகிறது. குற்றச்சாட்டில் பாதி உண்மை. கூடாரத்தில் அடி வாங்கியவரைப் பாராட்டும் பலர், அடித்த கும்பலை வன்முறையாளர் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

ஆனால் நாசவேலையின் இயல்பைக் கூர்ந்து பார்த்தால் நீட்சி அறுந்துபோகிறது. முதல் இரவிலேயே சொவெட்டோவில் தாம் வைக்கப் போன குண்டு முன்கூட்டியே வெடித்து பெட்ரஸ் மொலேஃபே இறந்தார். 1964 ஜூலை 24 அன்று, உம்கொண்டோவைச் சேராத வேறொரு குழுவின் உறுப்பினரான ஜான் ஹாரிஸ் ஜொஹானஸ்பர்க் ரயில் நிலையத்தில் குண்டு வைத்தார். மக்களை அப்புறப்படுத்தும்படி முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரிக்கையும் கொடுத்தார். நிலையம் காலி செய்யப்படவில்லை. ஒரு மூதாட்டி உயிரிழந்தார், பலர் காயமுற்றார்கள், 1965 ஏப்ரல் 1 அன்று ஹாரிஸ் தூக்கிலிடப்பட்டார். எச்சரிக்கையைப் புறக்கணித்த அதிகாரிகளைக் குறை சொல்வது நியாயமே. ஆயினும், யார் உயிர் பிழைப்பது என்பதைப் பிறர் தொலைபேசியை எடுத்துச் செய்யும் முடிவுக்கு விட்டுவிட்ட அந்தக் கணத்தில், ஆபத்து ஹாரிஸின் கையைவிட்டு வழிப்போக்கர் தலைக்கு மாறிவிட்டது. சான்றிதழை எரிக்கும் கொப்பரை எவ்வளவு பிசகினாலும் அப்படி ஒருவரைக் கொல்லாது.

மறைவு இரண்டாவது வேறுபாடு. நாசவேலைக்கு இருட்டு வேண்டும். செய்தவர் தப்பிப்பதே திட்டத்தின் ஒரு பகுதி. இதில் கோழைத்தனம் எதுவுமில்லை, போர்முறையின் இலக்கணமே அதுதான். மண்டேலாவும் வேறு எதையும் உரிமை கொண்டாடவில்லை. 1962-இல் வேலைநிறுத்தத்தைத் தூண்டியதற்காகவும் பாஸ்போர்ட் இன்றி வெளிநாடு சென்றதற்காகவும் அவர்மீது வழக்கு நடந்தபோது, எனக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுக்கு நான் சட்டப்படியும் அறத்தின்படியும் கட்டுப்பட்டவன் அல்லன் என்றார். 1964 ஏப்ரல் 20 அன்று, நாசவேலைக்காக அவர்மீதும் தோழர்கள்மீதும் நடந்த ரிவோனியா வழக்கில், நாசவேலையைத் திட்டமிட்டதை நான் மறுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, நாசவேலை, கொரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி ஆகிய நான்கு வழிகளில் உயிர்ச்சேதம் இல்லாததை முதலில் தேர்ந்ததாக விளக்கினார். அவர் போட்ட பட்டியலில் நாசவேலை வன்முறையின் முதற்படி. அதற்கு அறப்போர் என்று பெயர் சூட்டி அவர் தம்மைத் தற்காத்துக்கொள்ளவில்லை. அவசியம், அளவு, வேறு வழியின்மை ஆகியவற்றைக் கொண்டே வாதாடினார். ஒரு போரின் நியாயத்தை எப்படி விசாரிப்போமோ அப்படி விசாரியுங்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

என் பார்வையில் 1961-இன் முடிவு நியாயமானது; கட்சி தடைசெய்யப்பட்டு, எதிர்ப்பு நோக்கமே குற்றமாக்கப்பட்ட பிறகு, எஞ்சியிருந்தது அடிபணிவதா போரிடுவதா என்ற தேர்வு மட்டுமே என்று உம்கொண்டோவின் அறிக்கை சொன்னதை நான் மிகையாகக் கருதவில்லை. ஆனால் நியாயமானது என்பதற்காக அதைச் சட்டமறுப்பு என்று அழைக்கத் தேவையில்லை. அப்படி அழைப்பதில் ஓர் அபாயமும் உண்டு. சட்டமறுப்பு என்ற பெயர் கிடைத்தால்தான் ஒரு போராட்டம் மன்னிக்கப்படும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால், பிறகு ஒவ்வொரு வன்முறைக்கும் அந்தப் பெயரை வாங்கிக்கொடுக்க அலைய வேண்டியதாகிறது. பேருந்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு மறுநாள் 'அறவழிப் போராளி' என்று சுவரொட்டி ஒட்டிக்கொள்வதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். போர்த் தராசில் நிறுத்தால்தான் 1983 மே 20 அன்று பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில் உம்கொண்டோ வெடிக்கவைத்த கார் குண்டைப் பற்றிக் கறாராகப் பேச முடியும். விமானப்படைத் தலைமையகம் இலக்கு; இறந்தவர்கள் 19 பேர், அவர்களில் தெருவில் போன பொதுமக்களும் உண்டு. இனஒதுக்கல் ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை அறியும் ஆணையம் பின்னாளில் இத்தகைய தாக்குதல்களுக்கு ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸையும் பொறுப்பாக்கியது சரியான செயல்.

இந்திரஸ் நாயுடு பத்தாண்டுத் தண்டனை பெற்று, அரசியல் கைதிகளின் சிறை இருந்த ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1966-இல், அவர் அங்கே இருந்த காலத்தில், மோசமான உணவை எதிர்த்துக் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். வெளியே டைனமைட் ஏந்தியவர்கள் உள்ளே தட்டை மட்டும் நகர்த்தி வைத்தார்கள். வேறு கருவி இல்லாததால்தான் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் கருவியே இல்லாத இடத்திலும் ஒரு வழி மிச்சமிருந்தது என்பதும் உண்மை. வெளியே எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்ற என் வாதத்தை இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதைவிட அதிகமாக உறுத்துபவர் அவருடைய சகோதரி சாந்தி. 1969-இல் போலீஸார் அவரைக் கைது செய்து தனிமைச் சிறையில் அடைத்தார்கள். வின்னி மண்டேலாவும் வேறு பலரும் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக அவர் பேச வேண்டும் என்பது திட்டம். தூங்கவிடாமல் நிற்கவைத்து விசாரித்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டதும், குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் இருவர் என் தோழிகள், சாட்சியம் சொன்னால் என் மனச்சாட்சியோடு என்னால் வாழ முடியாது, ஆகவே சொல்ல மாட்டேன் என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். வெளிப்படையாக, பெயரோடு, தண்டனை உறுதி என்று தெரிந்தே மறுத்தார்; அந்த மறுப்பினால் வேறு எவருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. ஷார்ப்வில் நடந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பிறகு, நீதிமன்றத்தின் நியாய உணர்வை நம்ப எந்தக் காரணமும் இல்லாத நாட்டில், ரால்ஸின் வரையறை எதிர்பார்த்த சூழல் சிறிதும் இல்லாத இடத்தில், அவர் செய்தது முழுமையான சட்டமறுப்பு.

இந்திரஸ் தீவில் தண்டனையைக் கழித்துக்கொண்டிருந்தபோது அக்கா செய்தது இது. அவர் ஏன் குண்டு வைத்தார் என்று சாந்தி அவரைப் பழித்ததாக எங்கும் நான் படித்ததில்லை. தாத்தாவின் வழியில் தான் மட்டுமே நடந்ததாக அவர் பெருமை பேசியதாகவும் இல்லை. சாட்சியம் சொல்ல மறுத்த குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்கு இரண்டு மாதச் சிறை விதித்தது. அது முடிந்த பிறகும் போலீஸார் அவரை உடனே விடுவிக்கவில்லை; மொத்தம் 371 நாட்கள் காவலில் இருந்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார்.